ஐந்து பேர் தாண்டிய கோடு

சாரணியர் சீருடையை நிழலில்தான் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் இளநீலம் இரண்டே மாதத்தில் வெளுத்து, அரிசி கழுவிய தண்ணீரின் நிறத்துக்கு வந்துவிடும். சாரணியர் தலைவியாக இருந்த பதினெட்டு வருஷமும் ஜூன் மாத முதல் கூட்டத்தில் நான் முதலில் சொன்னது இதைத்தான். கேட்டு நடந்தவர்கள் மிகக் குறைவு. இந்த ஆரணியில் முக்கால்வாசிப் பேர் பட்டு நெய்கிறார்கள், அல்லது பட்டுக்குச் சாயம் போடுகிறார்கள், அல்லது விற்கிறார்கள். ஆனாலும் ஒரு பருத்திச் சட்டையை எங்கே உலர்த்துவது என்று அவர்கள் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லித்தர நான் வேண்டியிருந்தது.

நீங்கள் கேட்பது 1978 நவம்பரைப் பற்றி. தெரிகிறது. அதற்குத்தான் வருகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். உங்கள் ரைட்டரைக் கொஞ்சம் நிதானமாக எழுதச் சொல்லுங்கள். சாரணியர் என்பதற்கு வல்லின றகரம் போடுகிறார். காவல் நிலையத்தில் திருத்த ஆள் இல்லை என்பதால் தவறு சரியாகிவிடாது.

லீலா எழுதிய புகாரைப் படித்தேன். நீங்கள் பெயரை மறைத்திருந்தாலும் கையெழுத்தை வைத்தே கண்டுபிடித்திருப்பேன். அந்தக் கையெழுத்தைப் பழக்கியவள் நான். இப்போது செய்யாரில் ஆசிரியையாக இருக்கிறாளாம். போன மாதம் அவள் பள்ளியில் சிறுமிகளைச் சாரணியராக உயர்த்தும் விழாவை நடத்தச் சொன்னார்களாம். மைதானத்தில் கோடு போட்டதும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாளாம். அன்று மாலையே இதை எழுதியிருக்கிறாள். பதினோரு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவளுக்கு ஒரே நாளில் மனசாட்சி வந்ததை நான் பெரிதாக நினைக்கவில்லை. ஆனால் அவள் எழுதியிருப்பது உண்மை. முழு உண்மை இல்லை. அவள் நின்ற இடத்திலிருந்து எல்லாம் தெரிந்திருக்காது. மீதியை நான் சொல்கிறேன்.

முதலில் அந்த விழா என்னவென்று உங்களுக்குத் தெரிய வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை உள்ள சிறுமிகளை நீலப் பறவையர் என்போம். பத்து வயது முடிந்து, வைக்கிற தேர்வுகளில் தேறினால், சாரணியர் ஆகலாம். மைதானத்தின் ஒரு பக்கம் நீலப் பறவையர் வட்டமாக நிற்பார்கள். மறுபக்கம் சாரணியர் குதிரை லாடம் போல வளைந்து நிற்பார்கள். நடுவில் சுண்ணாம்புத் தூளால் ஒரு கோடு. தேறிய பெண்ணை அவள் கூட்டத்தார் கோடு வரை கைபிடித்து அழைத்து வருவார்கள். அங்கே விட்டுவிடுவார்கள். அவள் தனியாகத் தாண்ட வேண்டும். இந்தப் பக்கம் நான் நிற்பேன். உறுதிமொழி கேட்பேன், மூவிலைச் சின்னத்தைக் குத்துவேன், இடது கையால் கைகுலுக்குவேன். கடவுளுக்கும் நாட்டுக்கும் கடமையைச் செய்வேன், பிறருக்கு உதவுவேன், சாரணியர் சட்டத்துக்குக் கீழ்ப்படிவேன் என்று அவள் சொல்வாள். பத்து வயதுக் குழந்தைகள் அதை நம்பிச் சொல்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் இதே போன்ற சொற்களை மேடைகளில் சொல்லவும் கேட்டிருக்கிறேன். அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

பதினெட்டு வருஷத்தில் அந்த விழாவில் ஒரு குறை சொல்ல முடியாது. எங்கள் அப்பா கூலிக்கு நெய்தவர். எங்கள் தெருவில் முதன்முதலில் பி.ஏ., பி.டி. முடித்த பெண் நான். ரேணுகாம்பாள் டீச்சர் வருகிறாள் என்றால் தெருவில் பேச்சு நிற்கும். அது சும்மா வந்ததல்ல. யார் சொன்னாலும் ஒரு முறை கேட்டுக்கொண்டு, நான் நினைத்ததையே செய்ததால் வந்தது. தலைமையாசிரியைக்குப் பதிவேடுகள் ஒழுங்காக இருந்தால் போதும். மற்ற ஆசிரியைகளுக்கு மணி அடித்தால் போதும். வேலையை வேலையாகச் செய்தவள் நான் ஒருத்திதான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை.

அந்த வருஷம் ஆறு பேர் தேர்வுக்கு நின்றார்கள். ஐந்து பேர் பட்டுக் கடைக்காரர்கள், தறி வைத்து நடத்துகிறவர்கள் வீட்டுப் பெண்கள். ஆறாவது ஒருத்தி, உண்ணாமலை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் காலனியிலிருந்து மணலில் நடந்து பள்ளிக்கு வருவாள். அப்பன் இல்லை. அம்மா செல்லியம்மாள் களம்பூர் அரிசி ஆலையில் நெல் உலர்த்தும் களத்தில் கூலி வேலை செய்தாள். பதினோரு வயது. ஒல்லியாக, முழங்கை எலும்பு துருத்திக்கொண்டு இருப்பாள். அவள் பேசும்போது கண்ணை நேராகப் பார்த்துப் பேசுவாள். அது எனக்குப் பிடிக்காத பழக்கம் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது.

சீருடை இல்லாமல் கோட்டைத் தாண்ட முடியாது என்று சொல்லியிருந்தேன். இது எல்லாருக்கும் பொதுவான விதி. ஒரு வாரம் கழித்து செல்லியம்மாள் காலையிலேயே ஆலைக்குப் போகும் வழியில் வந்து, வகுப்பு வாசலில் நின்றாள். கையில் காகிதத்தில் சுற்றிய ஒரு சட்டை. பிரித்தால் மயில் கழுத்து நீலம். புடவைக்குப் போடுகிற சாயம்.

"இன்னா நீலம்னு தெரியலீங்க டீச்சர். நீலம்னு பாப்பா சொல்லிச்சி. சாயப் பட்டறைல மிச்சம் கெடந்த சாயத்துல தோச்சிக் குடுத்தாங்க" என்றாள்.

அந்தச் சட்டையோடு அவளை வரிசையில் நிறுத்தினால் ஐந்து புறாக்களுக்கு நடுவில் ஒரு மீன்கொத்தி நிற்பது போல இருக்கும். வெந்நீரில் சோடா உப்புப் போட்டு மூன்று முறை அலசி, நிறத்தை இறக்கச் சொன்னேன். அவள் காலில் விழப்போனாள். இந்த மாதிரிப் பெண்கள் எதற்கும் காலில் விழுவார்கள். அலசிக் கொண்டுவந்தபோது நிறம் ஏறக்குறைய சரியாகவே இருந்தது. அதையும் ஒப்புக்கொள்கிறேன். நான் நியாயமானவள்.

அதே வாரத்தில் மூன்று அம்மாக்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். காலனிப் பெண்ணும் எங்கள் பெண்களும் ஒரே வரிசையில் நின்று கைகுலுக்க வேண்டுமா என்று, நேரடியாகச் சொல்லத் தைரியமில்லாமல், சுற்றிச் சுற்றிப் பேசினார்கள். கழுத்தில் இருபது பவுன், வாயில் ஒரு முழு வாக்கியம் கிடையாது. என் சாரணியரில் யார் நிற்பது என்பதை நான் முடிவு செய்வேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இதை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு நடந்ததை நான் அவர்களுக்காகச் செய்தேன் என்று யாரும் எழுதிவிடக் கூடாது. அவ்வளவு மட்டமான காரணம் எனக்குத் தேவைப்படவில்லை.

முடிச்சு விஷயத்தை லீலா எழுதியிருக்கிறாள். அதுதான் காரணம் என்று அவள் நினைக்கிறாள். சிறு பெண்கள் அப்படித்தான் நினைப்பார்கள். நடந்தது இவ்வளவே. விழாவுக்குப் பத்து நாள் முன்பு ஒத்திகை. சிறப்பு விருந்தினராக வர ஒப்புக்கொண்டிருந்த ரங்கம்மாள் ஒத்திகையைப் பார்க்க வந்திருந்தார். பெரிய பட்டுக் கடை முதலாளியின் மனைவி. எழுதப் படிக்கத் தெரியும் என்று சொல்வார்கள். அவருக்குக் காட்டுவதற்காக, ஒரு பெண்ணின் கையை உடைந்ததாக வைத்து, துணியால் தூளி கட்டிச் சம முடிச்சுப் போட்டேன். சம முடிச்சு என்பது வலதை இடது மேல் போட்டு, பிறகு இடதை வலது மேல் போடுவது. பேசிக்கொண்டே கட்டினேன். அப்போது வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"டீச்சர், ரெண்டாவது தடவையும் வலதே மேல போட்டுட்டீங்க. அவுந்துடும்ங்க."

உண்ணாமலைதான். அவள் சொல்லி முடிப்பதற்குள் தூளி அவிழ்ந்து, அந்தப் பெண்ணின் கை தொங்கிவிட்டது. பெண்கள் சிரித்தார்கள். ரங்கம்மாளும் சிரித்தார்.

"பரவால்லியே, உங்க பொண்ணு உங்களுக்கே பாடம் நடத்துது."

நானும் சிரித்தேன். உண்ணாமலையை முன்னால் வரச் சொல்லி, முடிச்சைப் போடச் சொன்னேன். போட்டாள். சரியாக இருந்தது. ரங்கம்மாள் தன் கைப்பையிலிருந்து ஒரு மிட்டாய் எடுத்து அவளுக்குக் கொடுத்தார். அவள் அதைக் கடித்து, தூளிக்குக் கை கொடுத்த பெண்ணோடு பங்கு போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான். இதற்காக ஒருவர் எதுவும் செய்வாரா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அன்று வீட்டுக்குப் போய் நான் நன்றாகச் சாப்பிட்டேன். வீட்டில் வேறு யாருக்கும் அதைச் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லாததால் சொல்லவில்லை.

ஆனால் ஒரு கேள்வி மட்டும் இருந்தது. தலைவியைத் திருத்துகிற பெண், கீழ்ப்படிவாளா? முடிச்சு கையின் வேலை. கீழ்ப்படிதல் வேறு. ஆகவே அந்த வருஷம் ஒரு தேர்வை நானாகச் சேர்த்தேன். காவல் நிலை என்று பெயர் வைத்தேன். சொன்ன இடத்தில் கொடியோடு நிற்க வேண்டும். நான் நீண்ட விசில் அடிக்கும் வரை அசையக் கூடாது. இடையில் சொல்ல வேண்டியதைக் கையால் சொல்வேன். கையை என் பக்கமாக வீசினால் வா. உள்ளங்கையைக் காட்டி உயர்த்தினால் அங்கேயே நில். ஆறு பேருக்கும் ஒரே விதிதான்.

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு அவர்களை ஆற்றுக்கு அழைத்துப் போனேன். உதவிக்கு லீலா. அப்போது அவளுக்குப் பதினான்கு வயது, அணித் தலைவி. எங்கள் ஆற்றில் வருஷத்தில் பத்து மாதம் மணல்தான். அன்றும் அப்படித்தான் இருந்தது. கரையை ஒட்டி ஒரு பள்ளம், அதைத் தாண்டி நடுவில் மேடாக ஒரு மணல் திட்டு, அதற்கு அப்பால் இன்னொரு பள்ளம், பிறகு காலனிக் கரை. ஐந்து பேரைப் பள்ளத்துக்கு இந்தப் பக்கம், கரைக்குப் பக்கத்திலேயே, ஐம்பது அடிக்கு ஒருத்தியாக நிறுத்தினேன். உண்ணாமலையைத் திட்டில் நிறுத்தினேன். தினமும் அந்த மணலில் நடந்து வருகிறவள், அவளுக்கு அது தூரமாகத் தெரியாது என்று நினைத்தேன். நினைத்ததில் தவறில்லை.

போகும்போது அவள் கேட்டாள். "டீச்சர், கால் வலிச்சா குந்திக்கலாமாங்க?"

"கூடாது" என்றேன்.

"சரிங்க" என்றாள்.

வானம் ஊரில் தெளிவாக இருந்தது. மேற்கே ஜவ்வாது மலைப் பக்கம் மட்டும் கருத்திருந்தது. இருபது நிமிஷம் போயிருக்கும். மாட்டு வண்டியில் மணல் ஏற்றுகிற எல்லப்பன் மேல்கரையிலிருந்து வண்டியைக் காலியாகவே திருப்பிக்கொண்டு வந்தான். என்னைப் பார்த்ததும் நிறுத்தினான்.

"அம்மா, பிள்ளைங்கள ஜல்தியா மேல ஏத்துங்க. மலைல நேத்துலேர்ந்து ஊத்திகினு கீதாம். மேல படவேட்டாண்ட ஆத்துல வெள்ளம் எறங்கிடுச்சின்னு பஸ்ல வந்தவங்க சொல்லிகினு போறாங்க."

"சரி, பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். அவன் மாட்டைத் தட்டிக்கொண்டு போய்விட்டான். அந்த வருஷக் கடைசியில் வேலை தேடி பெங்களூர்ப் பக்கம் போனவன், திரும்பி வரவில்லை. விசாரணையில் அவனை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அப்போது இங்கே இருந்த அதிகாரிக்கு மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

விசில் என் கழுத்தில் தொங்கியது. அதை ஊதியிருக்கலாம். ஊதினால் ஆறு பேரும் ஒரே நேரத்தில் ஓடி வருவார்கள், ஆறு பேரும் தேறிவிடுவார்கள். எனக்குத் தெரிய வேண்டியது தெரியாமலே போகும். ஆகவே கரையோரமாக நடந்து, ஐந்து பேரையும் ஒவ்வொருத்தியாகக் கையை வீசி மேலே கூப்பிட்டேன். அவர்கள் வந்து லீலாவுக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். அவர்களுக்கு நேரம் முடிந்துவிட்டது என்று சொன்னேன். அவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் வீடுகளைத் தெரியும். அவர்களிடம் கண்டுபிடிக்க எதுவும் இல்லை.

உண்ணாமலை இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள். கொடியை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினாள். என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இப்போது அவள் ஓடி வருவாள் என்று காத்திருந்தேன். ஓடி வந்தால் தோல்வி என்று எழுதுவேன். அடுத்த வருஷம் மறுபடி வரட்டும். நான் நினைத்த தண்டனை அவ்வளவுதான். கொலைகாரர்கள் அடுத்த வருஷத்தைப் பற்றி யோசிப்பார்களா? நான் யோசித்தேன்.

தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு வரும் என்று சொல்வார்கள். அன்று அப்படி வரவில்லை. முதலில் பள்ளத்தில் பழுப்பாக ஒரு நாக்கு நீண்டது. சருகு, நுரை, ஒரு பழைய ரப்பர் செருப்பு. விரல் உயரம். பிறகு கணுக்கால் உயரம். அந்தப் பெண்ணுக்கு ஆறு தெரியும். எங்கள் எல்லாரையும் விட நன்றாகத் தெரியும். அவள் அதைப் பார்த்த நொடியே கத்தினாள்.

"டீச்சர், தண்ணி வருதுங்க. வரட்டுங்களா?"

கவனியுங்கள், அவள் அனுமதி கேட்டாள். அந்த நேரத்தில் பள்ளத்தை ஒரு குழந்தைகூட நடந்து கடந்திருக்கலாம். லீலா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"டீச்சர், விசில் அடிங்க. டீச்சர், அது வராது, நீங்க அடிச்சாத்தான் வரும். அடிங்க டீச்சர்" என்று அழ ஆரம்பித்தாள். அவள் என் கழுத்திலிருந்த கயிற்றைப் பிடிக்க வந்தபோது நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அவள் புகாரில் எழுதியிருப்பது அதுதான். விசில் இருந்தது, டீச்சர் ஊதவில்லை, என்னையும் ஊத விடவில்லை. சரி. அதற்குப் பிறகு அவள் முகத்தை என் புடவையில் புதைத்துக்கொண்டாள். அதனால் மீதியை அவள் பார்க்கவில்லை. மற்ற ஐந்து பேரைக் கரை மேல் ஆற்றுக்கு முதுகு காட்டி நிற்கச் சொல்லியிருந்தேன். நின்றார்கள். நான் சொன்னால் நிற்பார்கள்.

அன்றைக்கு நான் போலீசாரிடம் சொன்னது வேறு. மூன்று முறை நீண்ட விசில் அடித்தேன், அந்தப் பெண் விளையாட்டுப் புத்தியில் வராமல் நின்றுவிட்டது என்று சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். ரங்கம்மாளின் வீட்டுக்காரர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். காலனிப் பெண், ஆற்று வெள்ளம், பள்ளி ஆசிரியை. மூன்று வரியில் முடிந்தது. லீலாவை அவள் அப்பா அன்று மாலையே திருவண்ணாமலைக்கு அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பட்டு வியாபாரிகள் எதில் மெதுவாக இருந்தாலும் இதில் வேகமானவர்கள்.

உடல் மறுநாள் காலை இரண்டு மைல் கீழே ஒரு நாணல் புதரில் கிடைத்தது. கொடி கிடைக்கவில்லை. பள்ளிச் சொத்து என்பதால் அதற்கு ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது.

விழாவைத் தள்ளி வைக்கலாமா என்று தலைமையாசிரியை கேட்டார். இரண்டு வாரம் தள்ளி வைத்தோம். டிசம்பர் முதல் சனிக்கிழமை நடந்தது. நல்ல வெயில். கோட்டை நானே போட்டேன். ஆறு பேருக்குப் பதில் ஐந்து பேர் என்பதால் லாடத்தைக் கொஞ்சம் நெருக்கி நிற்கச் சொன்னேன். பார்வைக்கு முன்பைவிட நன்றாகவே அமைந்தது. ரங்கம்மாள் இரண்டு நிமிஷ மௌனம் வேண்டும் என்றார். ஒன்றரை நிமிஷத்தில் அவரே கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஐந்து பெண்களும் ஒவ்வொருத்தியாக வந்து கோட்டைத் தாண்டினார்கள். கீழ்ப்படிவேன் என்று உறுதிமொழி சொன்னார்கள். ஒருத்தி மட்டும் அந்தச் சொல்லில் தடுமாறினாள். மறுபடி சொல்ல வைத்தேன்.

செல்லியம்மாள் வந்திருந்தாள். யாரும் அழைக்கவில்லை. மைதானத்துக் கடைசியில் வேப்ப மரத்தடியில் நின்று முழுவதையும் பார்த்தாள். எல்லாரும் போன பிறகு என்னிடம் வந்தாள். தலையில் நெல் தூசி அப்படியே இருந்தது. அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

"டீச்சர், ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேள்."

"நீங்க விசிலு ஊதியும் அவ வர்லீன்னு போலீசு சொல்றாங்க. அவ சொல்பேச்சு தட்ட மாட்டாளேங்க. ஊட்ல நான் ஒரு வார்த்த சொன்னா ஓடிப்போயி செய்வா. அன்னிக்கு மட்டும் இன்னா ஆச்சின்னு தெரியலீங்க."

நான் சொன்னேன், "குழந்தைகள் சில நேரம் அப்படித்தான். அவள் கேட்கவில்லை."

அவள் அந்தக் கோட்டைப் பார்த்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "உங்களுக்குக் கெட்ட பேரு வாங்கி வெச்சிட்டா. அவள மன்னிச்சிடுங்க டீச்சர். நான் வளத்தது செரியில்ல."

மன்னித்தேன் என்று சொன்னேன். அவள் அதற்கும் காலில் விழுந்தாள்.

இன்றைக்கும் அவள் களம்பூர் ஆலைக்குத்தான் போகிறாள். காலை பஸ்ஸில் பார்ப்பேன். எனக்கு எழுந்து இடம் கொடுப்பாள். பதினோரு வருஷமாக, தன் பெண் சொன்ன பேச்சைக் கேட்காததால் செத்தாள் என்று நம்பிக்கொண்டு, எனக்கு இடம் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். நானும் உட்கார்ந்துகொள்வேன். வேண்டாம் என்றால் அவள் மனம் கஷ்டப்படும்.

இப்போது லீலா பார்க்காததைச் சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள். யாரும் கேட்டு நான் இதைச் சொல்லவில்லை. பாதி உண்மையை வைத்துக்கொண்டு லீலா போன்றவர்கள் நல்லவர்களாகிவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை, அதனால் சொல்கிறேன்.

"வரட்டுங்களா" என்று அந்தப் பெண் கேட்டபோது, நான் பதில் சொல்லாமல் நிற்கவில்லை. பதில் சொன்னேன். லீலா முகத்தைப் புதைத்ததும் வலது கையை உயர்த்தி, உள்ளங்கையை அந்தப் பெண்ணுக்குக் காட்டினேன். அங்கேயே நில். அவளுக்கு நன்றாகத் தெரியும்படி, கையை முழுதாக நீட்டிக் காட்டினேன். அவள் அதைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு கொடியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தாள். தண்ணீர் திட்டின் மேல் ஏறியபோது ஒரு முறை பார்த்தாள். அப்போதும் என் கை உயர்ந்தே இருந்தது. முழங்காலுக்கு வந்தபோது இன்னொரு முறை பார்த்தாள். அப்போதும். இடுப்புக்கு வந்தபோது "டீச்சர்" என்று கூப்பிட்டாள். அவள் அழவில்லை. என் கவனம் அங்கே இருக்கிறதா என்று கேட்பது போல ஒரு குரல். என் கவனம் முழுவதும் அவள் மேல்தான் இருந்தது. பதினெட்டு வருஷத்தில் வேறு எந்தப் பிள்ளையையும் நான் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. அவள் நின்ற இடத்தில் அவள் இல்லாமல் போன பிறகுதான் கையை இறக்கினேன். தோள் வலித்தது.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். ஒரே ஒரு விஷயம். செல்லியம்மாளிடம் யாராவது போய், பெண் கடைசி வரை சொன்ன பேச்சைக் கேட்டாள் என்று சொல்வீர்கள். சொல்லுங்கள். அத்தாட்சி வேண்டுமென்றால் பள்ளியில் அந்த வருஷத்துத் தேர்வு ஏடு இருக்கிறது, எடுத்துப் பார்க்கலாம். அன்று மதியமே, தோள் வலி அடங்குவதற்குள், உண்ணாமலை பெயருக்கு நேரே 'தேர்ச்சி' என்று எழுதிவிட்டேன். நான் எந்தப் பிள்ளைக்கும் பாரபட்சம் காட்டியதில்லை.